தியுவானாவின் அகக்குரல்

ஒரு மக்கட்கூட்டத்தார் திரைப்படத்தில் தோன்றுதல் வேறு; தம்மைத் தாமே உரைத்தல் வேறு. இவ்வேறுபாட்டினை ஆராய்வார்க்கு, உசுமான் செம்பேன் 1966ஆம் ஆண்டில் ஆக்கிய ‘லா நுவார் த’ என்னும் படம் சிறந்ததொரு சான்றாகும். ‘இன்னாருடைய கறுப்புப் பெண்’ என்பது அத்தலைப்பின் பொருள். உடையவர் பெயர் நிற்க வேண்டிய இடத்தில் புள்ளிகளே உள. உடைமையாக எண்ணப்பெற்ற பெண்ணின் பெயரும் ஆண்டில்லை.

இப்படத்தின் வரலாற்றுச் சூழல் முதற்கண் அறியத்தக்கது. தன் ஆட்சிக்குட்பட்ட ஆப்பிரிக்க நாடுகளிற் படமெடுப்பார் அரசின் இசைவு பெறுதல் வேண்டுமெனப் பிரான்சு 1934ஆம் ஆண்டில் ஆணையிட்டது. அதனால், ஆப்பிரிக்கர் தம் மண்ணிலே தம் வாழ்வைப் படமாக்கல் அரிதாயிற்று. போலின் வியேராவும் அவர்தம் தோழரும் 1955இல் பாரிசு நகரிலேயே தம் படத்தை எடுக்க நேர்ந்தது. செனகல் 1960இல் விடுதலை பெற்றது. மார்செய்த் துறைமுகத் தொழிலாளராக இருந்து எழுத்தாளரான செம்பேன், பின்னர் மாசுகோவிற் படக்கலை பயின்றார். 1958ஆம் ஆண்டுச் செய்தித்தாளிற் கண்டதொரு தற்கொலைச் செய்தியை அவர் முதலிற் சிறுகதையாக்கினார்; 1962இல் வெளிவந்த அக்கதையே பின்னர்த் திரைப்படமாயிற்று.

டக்கார் நகரிற் குழந்தைகளைப் பேணும் பணியில் அமர்ந்த தியுவானா, தன் தலைவியின் அழைப்பை ஏற்றுப் பிரான்சின் ஆந்தீபு நகருக்குச் செல்கின்றாள். ஆங்குச் சமையலும் துணி வெளுத்தலுமே அவள் பணியாகின்றன. கடற்கரை நகரம் அவளுக்கு நான்கு சுவர்களாகச் சுருங்குகின்றது. வாய் திறந்து அவள் கூறுவன பெரும்பாலும் தலைவிக்கு இசையும் சில சொற்களே. உள்ளமோ ஓயாது பேசுகின்றது. வீட்டார் அறியாத அவ்வுள்ளத்தைக் காண்போர் அறிகின்றனர். இதுவே படத்தின் புதுமை.

ஆயின், ஈண்டு ஒரு தடை எழுகின்றது. தியுவானாவாக நடித்தவர் செனகல் நாட்டு எம்பிசீன் தெரேசு தியோப். அகக்குரல் தந்தவரோ எயித்தி நாட்டுப் பாடகியார் தோத்தோ பிசேந்து. அக்குரலின் மொழியும் பிரெஞ்சே. எழுத்தறியாத பணிப்பெண்ணின் நெஞ்சம் ஆண்டவர் மொழியிற் பேசுதல் பொருந்துமோ என வினவுவார் உளர். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. செம்பேன் தாமும் 1968இல் ‘மந்தாபி’ என்னும் படத்தை வோலோபு மொழியில் ஆக்கினார்.

எனினும், இக்குறையைப் படத்தின் கதைநிகழ்ச்சியே வெளிப்படுத்துகின்றது. தாயின் பெயரால் வரும் கடிதம் பிறர் கையால் எழுதப்பெற்றது. அதற்கு விடையைத் தலைவனே தியுவானாவின் பெயரால் எழுதத் தொடங்குகின்றான். அவள் அதனைக் கிழித்தெறிகின்றாள். தன்பொருட்டுப் பிறர் உரைத்தலை மறுக்கும் செயல் இஃதாம். தான் பரிசாகக் கொடுத்த முகமூடியை மீட்டுக்கொள்ளுதலும் அத்தகையதே. அவள் இறந்தபின் தலைவன் கொணரும் ஊதியத்தைத் தாய் ஏலாது மறுக்கின்றாள். அம்முகமூடியை அணிந்த சிறுவனோ அவனை விடாது பின்தொடர்கின்றான்.

இவற்றை ஒருங்கு நோக்குமிடத்து, தியுவானாவின் உரிமை அவளுக்கு அளிக்கப்பெற்ற குரலினும் அவள் மறுத்த செயல்களிலேயே விளங்குகின்றது. ஆகவே, ஒரு படத்தில் எத்தனை இனத்தார் தோன்றினர் என எண்ணுதல் மட்டும் ஆராய்ச்சியாகாது. யார் மொழியில், யார் குரலில், யார் பெயரால் பேசப்படுகின்றது என்பதையும் உடன் ஆராய்தல் வேண்டும் என்பது இதனாற் போதரும்.