வெர்னேயின் துறைமுக ஓவியங்கள்

குளோத் ஜோசப் வெர்னே (1714–1789) பிரான்சின் புகழ்பெற்ற கடலோவியர். அப்போது போப்பாண்டவரின் ஆட்சியில் இருந்த அவிஞ்ஞோன் நகரில் பிறந்தார். 1734இல் ரோமுக்குச் சென்று, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இத்தாலியில் தங்கினார். நிலவொளியில் கடல், புயலில் உடையும் கப்பல் போன்ற காட்சிகளை எண்ணெய் வண்ணத்தில் தீட்டிப் பெயர் பெற்றார். பயணிகளாக வந்த ஆங்கிலேயச் செல்வர்கள் இவற்றை விரும்பி வாங்கினர்.

1753இல் மன்னர் பதினைந்தாம் லூயி, நாட்டின் துறைமுகங்களை வரையும் பணியை அவரிடம் ஒப்படைத்தார். அரசின் கட்டட, கலைப் பணிகளைக் கவனித்த மரிஞ்ஞி பிரபு இதை மேற்பார்வையிட்டார். திட்டமிட்டவை 24, முடிந்தவை 15. மார்செய் முதல் தியெப் வரை பத்து ஊர்கள் இவற்றில் இடம்பெற்றன. ஒவ்வொன்றும் சுமார் இரண்டரை மீட்டர் அகலமுடையது.

இங்கே வெர்னே தம் விருப்பப்படி வரைய முடியவில்லை. ஊர் அடையாளம் தெரிய வேண்டும். அங்கு நடக்கும் தொழிலும் தெரிய வேண்டும். பந்தோலில் சூரை மீன் பிடிப்பும், ரோஷ்ஃபோரில் போர்க்கப்பல் தளவாடங்களும் இப்படித்தான் இடம்பெற்றன. சேத் துறைமுகத்தைக் கொந்தளிக்கும் கடலிலிருந்து பார்ப்பதுபோல் வரைய அவர் எண்ணியபோது, அழகு மட்டும் போதாது, ஊரின் சாயலும் வேண்டும் என்று மரிஞ்ஞி வற்புறுத்தினார். ஆயினும் வெர்னே கடலை விடவில்லை. அந்த ஓவியத்தின் முன்பகுதி முழுவதும் அலைகளே. துறைமுகம் பின்னால் தெரிகிறது.

ஓவியங்கள் காட்டும் பிரான்சு அமைதியும் செழிப்பும் உடையது. உண்மை நிலை வேறு. 1756இல் ஏழாண்டுப் போர் தொடங்கியது. வெர்னே வரைந்த தூலோனிலிருந்து புறப்பட்ட கப்பற்படை, 1759 ஆகஸ்டில் போர்த்துகல் கரையருகே லாகோசில் ஆங்கிலேயரிடம் தோற்றது. அதே ஆண்டு நவம்பரில் கிபெரோன் விரிகுடாவில் பிரெஸ்ட் படையும் சிதறியது. நாட்டின் முதன்மையான போர்த் துறைமுகமான பிரெஸ்ட் இந்த வரிசையில் இடம்பெறவே இல்லை. அடிமை வணிகத்தால் வளம் பெற்ற போர்தோ, லா ரொஷெல் துறைமுகங்கள் உண்டு. அந்த வணிகத்தின் கொடுமையை அவற்றில் காண முடியாது. மன்னர் பார்க்க விரும்பிய கடல் இது என்றே கொள்ள வேண்டும்.

புயலைக் காண்பதற்காக வெர்னே தம்மைப் பாய்மரத்தில் கட்டச் சொன்னார் என்றொரு கதை உண்டு. அவருடைய பேரனும் ஓவியருமான ஒராஸ் வெர்னே 1822இல் அதையே ஓவியமாக்கினார். பாட்டனாரின் 15 துறைமுக ஓவியங்களில் 13 பாரிசின் தேசியக் கடற்படை அருங்காட்சியகத்துக்கும், இரண்டு லூவருக்கும் உரியவை.