ஆக்ராவில் நின்ற கான்பெராக்கள்

ஒரகடத்தை அடுத்த வல்லம் வடகாலில் வானூர்தித் தொழிலுக்கென்றே சிப்காட் ஒரு பூங்காவை அமைத்திருக்கிறது. அப்பெயர்ப்பலகையைக் கடக்கும்போதெல்லாம் நமக்கு வேறொரு விமானம் நினைவுக்கு வரும். அங்கிருந்து வெகுதொலைவில் இல்லாத அரக்கோணத்தின் ராஜாளி கடற்படைத் தளத்தில், 1992 முதல் 2017 மார்ச் வரை, நான்கு எஞ்சின்கள் கொண்ட டுபோலெவ்-142 விமானங்கள் இருந்தன. நம்மிடம் அவற்றின் வேலை கடலைக் கண்காணிப்பதும் நீர்மூழ்கிகளைத் தேடுவதுமே. ஆனால் அதன் மூத்த உடன்பிறப்பான டுபோலெவ்-95, அமெரிக்காவரை அணுகுண்டு சுமந்து செல்லவென்று சோவியத் ஒன்றியம் உருவாக்கியது. 1956-இல் பணியில் சேர்ந்த அவ்விமானம் முதன்முறையாகப் போரில் பயன்பட்டது 2015 நவம்பரில், சிரியாவில்.

இத்தனை பொருட்செலவில் உண்டாக்கிய ஒன்றை ஏன் இவ்வளவு காலம் பூட்டி வைத்தார்கள்? விடையின் ஒரு பாதி நம் நாட்டு வரலாற்றிலேயே கிடைக்கிறது.

1957 முதல் இந்திய விமானப்படையிடம் கான்பெரா குண்டுவீச்சு விமானங்கள் இருந்தன. ஆக்ரா அவற்றின் முக்கியத் தளம். 1961-இல் ஐ.நா. படையின் அங்கமாகக் காங்கோவுக்குச் சென்றன. அவ்வாண்டு டிசம்பரில் கோவாவின் டபோலிம் ஓடுதளத்தின் மீது குண்டு வீசின. பத்து மாதங்களே கழிந்து, 1962 அக்டோபர் 20 அன்று சீனப்படை எல்லை தாண்டியது. சரக்கு விமானங்களும் ஹெலிகாப்டர்களும் ஓய்வின்றிப் பறந்தன. சுஷூலுக்கு ஏ.எம்.எக்ஸ். டாங்கிகளைக்கூட வான்வழியே கொண்டு இறக்கினார்கள். கான்பெராக்களோ படம் எடுப்பதற்குப் பறந்ததோடு சரி. ஒரு குண்டும் வீசப்படவில்லை.

காரணம் கல்கத்தா. நாம் திபெத்தில் குண்டு வீசினால் சீனம் நம் நகரங்களில் வீசும். தடுக்கப் போதிய ரேடாரும் இரவுப்போர் விமானங்களும் இல்லை என்ற அச்சம் தில்லியை ஆட்டிவைத்தது. அமெரிக்கத் தூதர் கால்பிரெய்த்தும் விமானப்படையை இறக்க வேண்டாம் என்றே அறிவுறுத்தினார். அச்சத்தைக் குறைசொல்ல நமக்கு மனமில்லை. நேஃபாவின் அடர்காட்டில் மேலிருந்து எதைக் குறிவைப்பது என்ற கேள்வியிலும் நியாயம் உண்டு. ஆனால் லடாக்கில் காடு இல்லை. திபெத்தின் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், அங்கிருந்து கிளம்பும் விமானம் அதிகக் குண்டும் எரிபொருளும் சுமக்க இயலாது என்பதையும் எவரும் பொறுமையாக எடைபோட்டதாகத் தெரியவில்லை.

இதன் உச்சம் நவம்பர் 19. சேலா கணவாய் கைவிடப்பட்டு, பொம்டிலாவும் வீழ்ந்த நிலையில், நேரு கென்னடிக்கு இரு கடிதங்கள் எழுதினார். 12 ஸ்குவாட்ரன் போர் விமானங்களோடு, 2 ஸ்குவாட்ரன் பி-47 குண்டுவீச்சு விமானங்களையும் கேட்டார். சொந்தக் குண்டுவீச்சு விமானங்களை நிறுத்திவைத்தபடியே அயலாரிடம் குண்டுவீச்சு விமானம் கேட்ட கடிதம் அது!

கேட்டதும் எத்தகைய விமானம்? இரண்டாயிரத்துக்கும் மேல் உற்பத்தியான பி-47, ஒரு போரிலும் குண்டு வீசியதில்லை. கொரியாவில் இல்லை, பின்னர் வியட்நாமிலும் இல்லை. அவ்விமானம் ஒவ்வொன்றும் அணுப்போர்த் திட்டத்தில் ஓர் இலக்குக்காகக் காத்திருந்தது. சிறு போரில் அதை இழந்தால் அந்த இலக்கு தப்பிவிடும். அதன் வயிற்றில் இருப்பது சாதாரணக் குண்டா அணுகுண்டா என்பதும் எதிரிக்குத் தெரியாது. கடிதத்துக்கு முந்தைய மாதம்தான், கியூபா நெருக்கடியில், அமெரிக்கா தன் பி-47களைப் பல விமான நிலையங்களுக்குப் பிரித்து அனுப்பிக் காத்திருந்தது. (பி-52 மட்டும் வியட்நாமில் சாதாரணக் குண்டுகளைக் கொட்டித் தீர்த்தது தனிக்கதை.)

நவம்பர் 21 அன்று சீனம் தானாகவே போர்நிறுத்தம் செய்தது. பி-47 வரவில்லை.

1965-இலும் 1971-இலும் கான்பெராக்கள் இரவுகளில் பாகிஸ்தான் தளங்களைத் தாக்கின. 1999-இல் கார்கில் மலைகளைப் படமெடுக்கச் சென்ற ஒன்று ஏவுகணையால் அடிபட்டும் தரையிறங்கியது. 2007 மே மாதம் அவை ஓய்வுபெற்றன. விமானப்படையை இறக்கியிருந்தால் 1962-இன் முடிவு மாறியிருக்கும் என்று அப்போதைய தளபதி பிரௌன் வெளிப்படையாகச் சொன்னது 2012-இல், ஐம்பது ஆண்டுகள் கழித்து.