தொழுகை விரிப்பில் பூனை சிறுநீர் கழிக்கிறதா? விரட்டுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

நம் வீடுகளில் நாய்க்கு இல்லாத உரிமை பூனைக்கு உண்டு. பூனை வாய் வைத்த தண்ணீர் அசுத்தமாகாது என்பதும், அது நம்மைச் சுற்றி வரும் பிராணி என்பதும் அபூகதாதா (ரலி) அறிவிக்கும் நபிமொழியிலிருந்து நாம் அறிந்ததே. அபூதாவூத், திர்மிதி நூல்களில் அது பதிவாகியுள்ளது. ஆனால் வாய் வைத்ததற்கான சலுகை சிறுநீருக்கு இல்லை. பூனையின் சிறுநீர் நஜீஸ் என்றே ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகள் கூறுகின்றன.

அதனால்தான் முஸல்லாவிலோ மெத்தையிலோ பூனை இரண்டு முறை நனைத்துவிட்டால், சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விட்டுவிடலாம் என்ற பேச்சு எழுகிறது. வீட்டுச் சோற்றில் வளர்ந்த பூனை வெளியே இரை தேடவும் தெருநாய்களிடம் தப்பவும் தெரியாமல் சாகும். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண் தண்டிக்கப்பட்ட செய்தி புகாரி, முஸ்லிம் நூல்களில் உள்ளது. 1960 ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11 ஆவது பிரிவும், வளர்த்த பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதைக் குற்றமாகச் சொல்கிறது. காரணத்தைக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் இந்தப் பழக்கத்தை நிறுத்திவிடலாம்.

முதலில் நோயா என்று பாருங்கள்

பூனை நம்மைப் பழிவாங்க இப்படிச் செய்வதில்லை. அடிக்கடி போய் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகக் கழிப்பது, கத்துவது, சிறுநீரில் ரத்தம், அந்த இடத்தை ஓயாமல் நக்குவது ஆகியவை சிறுநீர்ப்பைக் கோளாறின் அறிகுறிகள். ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் குழாய் அடைத்திருக்கலாம். ஓரிரு நாளில் உயிர் போகக்கூடிய நிலை அது. சமயநல்லூரிலிருந்து பரவை, விளாங்குடி வழியாக மதுரை தல்லாகுளம் அரசு கால்நடை மருத்துவமனைக்கோ அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ அன்றே கொண்டு செல்லுங்கள். நாம் சாப்பிடும் பாராசிட்டமால் மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.

எல்லைக் குறியா?

குந்தி உட்கார்ந்து தரையில் கழிப்பது வேறு. நின்றபடி வாலைத் தூக்கி, வால் நுனி நடுங்க, சுவரிலும் பீரோவிலும் பீய்ச்சுவது வேறு. இரண்டாவது எல்லைக் குறி. கருத்தடை செய்யாத கடுவன் பூனைகளிடம் இது அதிகம். ஜன்னல் வழியே தெருக் கடுவன் வந்து போனாலும் இது கூடும். அந்த வழியை அடைத்துவிடுங்கள்.

கருத்தடை செய்தால் பெரும்பாலான கடுவன்கள் பீய்ச்சுவதை விட்டுவிடும். இதில் சட்டக் கருத்து வேறுபாடு உண்டு. பயனோ தீங்கைத் தடுக்கும் நோக்கமோ இருந்தால் ஹனஃபி மத்ஹப் அனுமதிக்கிறது. உண்ணத்தகாத பிராணிகளுக்கு இதை ஷாஃபி நூல்கள் தடுக்கின்றன. உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மண் தொட்டியைச் சரிசெய்யுங்கள்

நோயும் இல்லை, எல்லைக் குறியும் இல்லை என்றால் தவறு பெரும்பாலும் தொட்டியில்தான் இருக்கும்.

- ஒரு பூனைக்கு இரண்டு தொட்டி, இரண்டு பூனைக்கு மூன்று என்பது பொதுக் கணக்கு.
- பூனை உள்ளே திரும்ப இடம் வேண்டும். அகலமான பிளாஸ்டிக் டப் போதும்.
- சலித்த மென்மையான மணலை இரண்டு அங்குல உயரத்துக்குப் போடுங்கள். சரளை காலில் குத்தினால் பூனை மெத்தையைத் தேடும்.
- சோறு வைக்கும் இடத்துக்கு அருகிலோ, வாஷிங் மெஷின் சத்தம் போடும் இடத்திலோ வைக்காதீர்கள்.
- தினமும் அள்ளுங்கள். பூனை மலத்திலுள்ள டாக்சோபிளாஸ்மா கிருமி தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும். தினசரி சுத்தம் அதைத் தடுக்கும். கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறொருவரிடம் விட வேண்டும்.

கழுவும் முறை

ஈரமாக இருக்கும்போதே பழந்துணியால் அழுத்தி உறிஞ்சி எடுங்கள். தேய்த்தால் பரவும். பிறகு சுத்தமான தண்ணீர் ஊற்றி அலசுங்கள். மார்க்க முறைப்படி சுத்தமாவதற்கு நிறமும் வாடையும் போகும்படி தண்ணீரால் கழுவுவதே அடிப்படை. சென்ட் அடிப்பது போதாது. நமக்கு வாடை தெரியாவிட்டாலும் பூனைக்குத் தெரியும். தெரிந்தால் அதே இடத்துக்குத் திரும்பும். அதனால் வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து துடைத்து, மீண்டும் அலசி, வெயிலில் காய வையுங்கள். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் திரவம் இன்னும் நல்லது.

பினாயிலும், தண்ணீரில் ஊற்றினால் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினிகளும் வேண்டாம். பாதத்தில் ஒட்டியதைப் பூனை நக்கினால் விஷமாகும். சிறுநீரின் மேல் பிளீச்சிங் பவுடர் போட்டால் மூச்சைத் திணறடிக்கும் வாயு வரலாம்.

பூனையை அடிப்பதும், மூக்கைச் சிறுநீரில் தேய்ப்பதும் பயனற்றவை. பயந்த பூனை கட்டிலுக்கு அடியில் ஒளிந்து கழிக்கும். தொழுது முடித்ததும் முஸல்லாவைச் சுருட்டி உயரத்தில் வையுங்கள். தவறிய இடத்திலேயே சில நாள் தொட்டியை வைத்து, பூனை பழகியதும் தினமும் ஓரிரு சாண் தூரமாக நகர்த்துங்கள். சில வாரங்கள் பொறுமையாக இதைச் செய்தால், இன்ஷா அல்லாஹ், வீடும் சுத்தமாக இருக்கும், வாயில்லா ஜீவனும் தெருவுக்குப் போகாது.