இன்டெல்: தலைமை முடிவுகளும் தொழில்நுட்பத் தேக்கமும்

இன்டெல், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சாண்டா கிளாராவைத் தலைமையிடமாகக் கொண்ட சில்லு உற்பத்தி நிறுவனம். ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் 1968-ல் இதைத் தொடங்கினர். 1981-ல் ஐபிஎம் தன் தனிநபர் கணினிக்கு இன்டெல்லின் 8088 செயலியைத் தேர்ந்தெடுத்தபின், கணினி என்றாலே உள்ளே இன்டெல் என்ற நிலை உருவாகிப் பல பத்தாண்டுகள் நீடித்தது. 2005-க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் அதே நிறுவனம் கைபேசிச் சந்தையைக் கோட்டைவிட்டது. உற்பத்தி நுட்பத்தில் தைவானின் டிஎஸ்எம்சியிடமும், செயற்கை நுண்ணறிவுச் சில்லுகளில் என்விடியாவிடமும் பின்தங்கியது. திறமையான பொறியாளர்களுக்கு அங்கே எந்நாளும் குறைவில்லை. புதிதாக வந்த ஒவ்வொரு வாய்ப்பையும் கணினிச் செயலி ஈட்டித்தந்த லாப விகிதத்தோடு ஒப்பிட்டே தலைமை எடைபோட்டது. தேக்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இன்டெல்லின் முன்வரலாறு இதற்கு நேர்மாறானது. தொடக்கத்தில் அதன் பிழைப்பே நினைவகச் சில்லுகள்தான். ஜப்பானிய நிறுவனங்கள் விலையிலும் தரத்திலும் முந்தியபோது, 1985-ல் நிறுவனத் தலைமையில் இருந்த ஆண்ட்ரூ குரோவும் மூரும் அந்தத் தொழிலையே கைவிட்டார்கள். நம்மை வெளியேற்றிவிட்டுப் புதிய தலைவர் ஒருவர் வந்தால் என்ன செய்வார் என்று குரோவ் கேட்டதும், நினைவகத்தை விட்டுவிடுவார் என்று மூர் தயங்காமல் பதில் சொன்னதும் மேலாண்மைப் பாடமாகவே ஆகிவிட்ட உரையாடல். ஆலைகள் மூடப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர், 1986-ல் 17.3 கோடி டாலர் நட்டம் வந்தது. அந்த வலியைத் தாங்கியதால்தான் செயலித் தொழிலில் முழுமூச்சாக இறங்க முடிந்தது.

கைபேசி

2005-ல் தலைமைச் செயல் அதிகாரியான பால் ஒட்டெலினி, பொறியியல் பின்னணி இல்லாமல் அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள். அவர் காலத்தில் வருவாய் 5,000 கோடி டாலரைத் தாண்டியது. ஆப்பிளின் மேக் கணினிகளும் இன்டெல் செயலிக்கு மாறின. ஆனால் ஐபோனுக்குச் சில்லு செய்து தரும் வாய்ப்பு வந்தபோது அவர் மறுத்தார். ஆப்பிள் தரத் தயாராக இருந்த விலை, இன்டெல் கணித்த உற்பத்திச் செலவைவிடக் குறைவாக இருந்ததே காரணம். அந்தச் செலவுக் கணக்கு தவறு என்பதையும், விற்பனை எல்லோருடைய மதிப்பீட்டையும் பலமடங்கு மீறிப்போனதையும் 2013-ல் பதவி விலகும் வேளையில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். கைபேசிகளுக்கு ஏற்ற எக்ஸ்ஸ்கேல் சில்லுப் பிரிவையும் 2006-ல் மார்வெல் நிறுவனத்துக்கு 60 கோடி டாலருக்கு விற்றிருந்தார்கள். காலம் கடந்து விழித்துக்கொண்டு, 2014-ல் மட்டும் கைபேசிப் பிரிவில் சுமார் 420 கோடி டாலரை இழந்தார்கள். 2016-ல் திறன்பேசிச் சில்லுத் திட்டங்கள் கைவிடப்பட்டன.

10 நானோமீட்டர்

கைபேசியை இழந்தது சந்தையைத் தவறாகக் கணித்ததால். அடுத்த சறுக்கல் நேர்ந்தது இன்டெல்லின் சொந்தக் களத்திலேயே. 14 நானோமீட்டர் என்ற உற்பத்தித் தலைமுறை 2014-ல் சந்தைக்கு வந்தது. அடுத்த 10 நானோமீட்டர் தலைமுறையில் அதே பரப்பில் 2.7 மடங்கு டிரான்சிஸ்டர்களை அடைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். ஒரே தாவலில் இவ்வளவு தூரம் போக இன்டெல் அதற்குமுன் முயன்றதில்லை.

சிக்கல் எங்கே என்பதை அருகில் போய்ப் பார்க்கலாம். சிலிக்கன் தகட்டில் கோடுகளைப் பதிக்க அன்று பயன்பட்ட ஒளியின் அலைநீளம் 193 நானோமீட்டர். இன்டெல் இழுக்க விரும்பிய உலோகக் கோடுகளுக்கு இடையிலான தூரமோ 36 நானோமீட்டர். தடித்த முனைப் பேனாவால் அரிசியில் பெயர் எழுதும் வேலை இது. முதலில் அகலமான கோடுகளைப் பதித்து, அவற்றின் பக்கச் சுவர்களில் மெல்லிய படலம் படியவைத்து, நடுப்பகுதியை அரித்தெடுத்து, அதையே மறுபடியும் செய்து, கோடுகளின் எண்ணிக்கையை நான்கு மடங்காக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் பிழை சேரும். டிஎஸ்எம்சி தன் 7 நானோமீட்டர் தலைமுறைக்கு 40 நானோமீட்டர் இடைவெளியோடு நின்றுகொண்டது. அதற்கு இருமடங்காக்கினாலே போதும். அந்த 4 நானோமீட்டர் விட்டுக்கொடுப்பு அதற்கு ஆண்டுகளை மிச்சப்படுத்தித் தந்தது. இன்டெல்லோ அடியடுக்குகளில் செம்புக்குப் பதில் கோபால்ட் போன்ற வேறு புதுமைகளையும் அதே தலைமுறையில் ஏற்றிவைத்தது. பழுதில்லாத சில்லுகளின் விகிதம் உயரவே இல்லை.

இதற்கு மாற்றாக 13.5 நானோமீட்டர் அலைநீளமுள்ள அதி புற ஊதாக் கதிர் எந்திரங்களை நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் உருவாக்கிவந்தது. அந்த ஆய்வுக்கும் ஏஎஸ்எம்எல் பங்குகளுக்குமாக 2012-ல் 410 கோடி டாலர் போட்ட நிறுவனம் இன்டெல்தான் என்பது வேதனை தரும் உண்மை. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர்: 2019-ல் டிஎஸ்எம்சி அந்த எந்திரங்களைப் பெருமளவு உற்பத்தியில் இறக்கிவிட்டது, இன்டெல் 2023-ல்தான் அங்கு வந்துசேர்ந்தது.

2016-ல் வரவேண்டிய 10 நானோமீட்டர் செயலிகள் 2019-ல்தான் கணிசமாகக் கடைக்கு வந்தன. தலைமைச் செயல் அதிகாரி பிரையன் கிர்சானிச் 2016-ல் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தார். ஊழியர் ஒருவருடனான உறவு நிறுவன விதியை மீறியது என்று 2018-ல் அவர் விலக நேர்ந்தது. அவருக்குப்பின் நிதி அதிகாரியாக இருந்த பாப் ஸ்வான் வந்தார். 2019, 2020 ஆகிய இரு ஆண்டுகளில் சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்க இன்டெல் செலவழித்தது 2,500 கோடி டாலருக்கு மேல். உற்பத்தியில் பின்தங்கியிருந்த ஆண்டுகளில் கைப்பணத்தை இப்படி இறைத்ததுதான், மன்னிக்கக் கடினமான முடிவு. 2020 ஜூலையில் அடுத்த தலைமுறையும் தாமதம் என்று அறிவித்த மறுநாள் பங்கு 16 சதவீதம் சரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சில்லோடு மேக் கணினிகளை வெளியிட்டது.

மீட்பு முயற்சி

18 வயதில் இன்டெல்லில் சேர்ந்து, 80486 செயலியின் வடிவமைப்பை முன்நின்று நடத்தி, 2009-ல் வெளியேறியிருந்த பேட் கெல்சிங்கர் 2021-ல் தலைவராகத் திரும்பினார். நான்கு ஆண்டுகளில் ஐந்து தலைமுறைகள், பிறருக்கும் சில்லு செய்து தரும் ஆலைகள் என்று திட்டம் வகுத்தார். திசை சரி; பணமும் நேரமும் போதவில்லை. 2024-ல் 15,000 பேர் குறைப்பு, பங்காதாயம் நிறுத்தம், ஆண்டு நட்டம் 1,880 கோடி டாலர். நவம்பரில் டவ் ஜோன்ஸ் குறியீட்டில் இன்டெல் இருந்த இடத்துக்கு என்விடியா வந்தது. டிசம்பரில் கெல்சிங்கரை இயக்குநர் குழு வெளியேற்றியது.

2025 மார்ச்சில் தலைமைப் பொறுப்பேற்ற லிப்-பு டான், ஜெர்மனி, போலந்து ஆலைத் திட்டங்களைக் கைவிட்டார். ஆகஸ்டில் அமெரிக்க அரசு ஏறத்தாழ 10 சதவீதப் பங்கை ஏற்றது. வெளி வாடிக்கையாளர்கள் உறுதியாகக் கிடைக்காவிட்டால் 14ஏ என்ற அடுத்த உற்பத்தித் தலைமுறையை நிறுத்திவைக்கவோ கைவிடவோ நேரலாம் என்றும் அந்த ஆண்டு இன்டெல் முதலீட்டாளர்களுக்குத் தெரிவித்தது.