சுண்ணாம்புச் சுவரும் எலித்தெள்ளும்: புணே, 1897

‘தொற்று’ என்னும் சொல்லுக்கு ஒட்டிக்கொள்ளுதல், பற்றிக்கொள்ளுதல் என்பதே அடிப்படைப் பொருள். தொட்ட பரப்பிலிருந்து நோய் ஒட்டிக்கொள்கிறது என்ற எண்ணத்துக்கு அச்சொல் எளிதில் இடங்கொடுக்கிறது. அவ்வெண்ணம் அரசின் நடவடிக்கையானபோது நேர்ந்ததைப் புணேயின் வரலாறு காட்டுகிறது.

1896 செப்டம்பரில் பம்பாயில் கண்டறியப்பட்ட பிளேக், சில மாதங்களில் புணேயை எட்டியது. 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. வால்டர் சார்லஸ் ராண்ட் தலைமையிலான பிளேக் குழு, படைவீரர்களைக் கொண்டு வீடுவீடாகச் சோதனையிட்டது. நோயாளிகள் மருத்துவமனைக்கும், உடனிருந்தோர் தனிமை முகாம்களுக்கும் அனுப்பப்பட்டனர். வீடுகளில் கிருமிநாசினி தெளிக்கப்பட்டது. சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசப்பட்டது.

சுண்ணாம்புப் பூச்சு வெறும் சடங்கன்று. நீற்றிய சுண்ணாம்பின் பிஎச் மதிப்பு 12ஐத் தாண்டும். அக்காரத்தில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் பிழைப்பதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக மாறும்போது அவ்வாற்றல் குன்றுகிறது. இன்றைய வழக்கில் கூறினால், அது குறுகிய ஆயுளுடைய நுண்ணுயிர்க்கொல்லிப் பூச்சு.

ஆயினும் பிளேக் பரவிய வழி சுவரன்று. எலித்தெள்ளே அதனைக் கடத்துகிறது என்று 1898இல் கராச்சியில் பால்-லூயி சைமண்ட் காட்டினார். அதற்குள் புணே பெரும் விலை கொடுத்துவிட்டது. அடுக்களையிலும் பூசையறையிலும் படைவீரர் நுழைந்ததால் மக்களின் சினம் முற்றியது. 1897 ஜூன் 22 இரவு, கணேஷ்கிண்ட் சாலையில் சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டனர். ஜூலை 3இல் அவர் இறந்தார்.

2020 மார்ச் 9 அன்று மகாராட்டிரத்தின் முதல் கொரோனா நோயாளிகள் இதே புணேயில் உறுதிசெய்யப்பட்டனர். 1897ஆம் ஆண்டுச் சட்டமே மீண்டும் கையிலெடுக்கப்பட்டது. கொரோனா வைரஸ் பிளாஸ்டிக்கின்மீது 72 மணிநேரம்வரை உயிர்ப்புடன் இருப்பதாகவும், செம்பின்மீது 4 மணிநேரத்துக்குப்பின் காணப்படவில்லை என்றும் அம்மாதம் ஓர் ஆய்வு தெரிவித்தது. செம்பு, வெள்ளி கலந்த பூச்சுகளுக்கு உலகெங்கும் மவுசு கூடியது. ஆனால், பரப்புகளைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. நோய் முதன்மையாகக் காற்றின்வழியே பரவியது.

இதனால் பூச்சுகள் வீண் என்றாகாது. மருத்துவமனைக் கட்டிற்கம்பிகளில் நாட்கணக்கில் தங்கும் பாக்டீரியாக்களுக்கு எதிராகச் செம்புக்கு நியாயமான இடமுண்டு. கோந்த்வா போன்ற நெரிசல்மிக்க பகுதியின் மின்தூக்கிப் பொத்தானுக்கோ பேருந்துக் கைப்பிடிக்கோ பூச்சு பூசுமுன் கேட்கவேண்டியவை இரண்டு. பூச்சு கிருமியைக் கொல்லுமா என்பது ஆய்வகத்தின் கேள்வி. அக்கிருமி அவ்வழியேதான் மனிதரை அடைகிறதா என்பது அதற்கும் முந்தைய கேள்வி. 1897இல் முதற்கேள்விக்கு விடை இருந்தது. இரண்டாவதற்கு விடை கிடைக்குமுன்பே வீடுகளின் கதவுகள் திறக்கப்பட்டுவிட்டன.