முகத்துக்கு ஊசி போடப் பழகுதல்: ஒஸ்லோவில் பயிற்சிநெறி தேடுவோருக்குச் சில குறிப்புகள்

ஒஸ்லோவின் கிழக்குப் பகுதியில் குடும்ப வைத்தியராக வேலை செய்கிறேன். ஆண்டில் நாலைந்து தடவையாவது ஒரே கேள்வியுடன் எனக்குத் தொலைபேசி அழைப்பு வரும். அழைப்பவர் பெரும்பாலும் இங்கே வளர்ந்த நம்மவர் பிள்ளையாக இருப்பார். தாதி, பல் வைத்தியர், அல்லது அண்மையில் பட்டம் முடித்த வைத்தியர். "மாமா, பொட்டொக்சும் பில்லரும் பழகலாமென்று நினைக்கிறன். எந்தக் கோர்சுக்குப் போனால் நல்லது?"

இவர்களில் பலருடைய பெற்றோர் எண்பதுகளில் வந்து வடக்கே மீன் தொழிற்சாலைகளில் நின்று உழைத்தவர்கள். இரவுப் பணியில் களைத்துப்போன ஒரு தாதிக்கு, பகல் நேரத்தில், சொந்தக் கையால், நல்ல வருமானத்துடன் செய்யக்கூடிய தொழில் என்பது சிறிய ஆசையல்ல. அழகுக்கு ஊசி போடுவதெல்லாம் ஒரு வைத்தியமா என்று முகம் சுளிக்கும் என் வயதுக்காரர் சிலரைப்போல நான் அதை ஏளனம் செய்யமாட்டேன். ஆளாளுக்குத் தொலைபேசியில் சொல்லிவந்ததை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

இலக்கியம் படிக்கிற இடத்தில் இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. இந்த மருந்தின் கதையே ஒரு கவிஞரிடம்தான் தொடங்குகிறது. யுஸ்டினுஸ் கெர்னர் ஜெர்மன் ரொமான்டிக் காலக் கவிஞர். அவருடைய பன்னிரண்டு கவிதைகளுக்கு ரொபேர்ட் ஷூமான் 1840இல் இசையமைத்தார். அதே கெர்னர் வைன்ஸ்பேர்க் என்ற ஊரில் அரச வைத்தியராகவும் இருந்தார். கெட்டுப்போன இறைச்சிக் கொத்து, அதாவது சொசேஜ், தின்று தசைகள் சோர்ந்து இறந்தவர்களை 1820களில் ஆராய்ந்து எழுதினார். நஞ்சைத் தம் நாவிலேயே வைத்துப் பார்த்தார். மிகைப்பட்டு இயங்கும் நரம்புகளை அடக்க இதைச் சிறு அளவில் மருந்தாகப் பயன்படுத்தலாமே என்றும் ஊகித்தார். 1895இல் பெல்ஜியத்தில் ஒரு மரணவீட்டுக்கு வாசிக்க வந்த இசைக்குழுவினர் பன்றித்தொடை இறைச்சி சாப்பிட்டு நோயுற்றபோது, வான் ஏர்மெங்கெம் அதற்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தார். கெர்னரின் ஊகம் கைகூட இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. சான் பிரான்சிஸ்கோவில் கண் வைத்தியர் அலன் ஸ்கொட் மாறுகண்ணுக்கு இதைப் பயன்படுத்தினார். 1989இல் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. கனடாவின் வன்கூவரில் கண் வைத்தியர் ஜீன் கருதேர்ஸ், இமைத்துடிப்புக்காக ஊசி போட்டுக்கொண்ட ஒருவரின் புருவ நடுச் சுருக்கம் மறைந்ததைக் கவனித்தார். தோல் வைத்தியரான கணவர் அலஸ்ரெயருடன் சேர்ந்து 1992இல் அதை வெளியிட்டார். அழகுப் பயன்பாட்டுக்கான அமெரிக்க அனுமதி 2002இல்தான் வந்தது.

பில்லர் என்பது வேறு பொருள். ஹயலுரோனிக் அமிலக் கூழ்தான் இன்று அதிகம் பயன்படுவது. ரெஸ்ரிலேன் என்ற பெயரில் 1996இல் ஐரோப்பியச் சந்தைக்கு வந்ததைச் செய்தது நமக்குப் பக்கத்துநாடான சுவீடனின் உப்சாலா நகர நிறுவனம் ஒன்று. இந்த இரண்டையும் ஒரே நாளில், ஒரே கட்டணத்தில், "அடிப்படைப் பயிற்சி" என்று சேர்த்து விற்கும் பாடநெறிகளே அதிகம். நான் முதலில் சந்தேகிப்பது அவற்றைத்தான்.

காரணம் எளிது. பொட்டொக்ஸ் தவறான தசைக்குப் போனால் இமை சரியும், புருவம் கோணும். பார்ப்பதற்கு வேதனைதான், ஆனால் கிழமைகளில் மீண்டுவிடும். பில்லரின் தவறு நிமிடக் கணக்கில் நடப்பது. மூக்கின் பக்கத்திலும் புருவ நடுவிலும் ஓடும் சிறு நாடிகள் கண்ணுக்குக் குருதி கொடுக்கும் நாடியுடன் தொடுப்புள்ளவை. ஊசி முனை அறியாமல் நாடிக்குள் நின்று, சிரிஞ்சின் அழுத்தம் குருதியழுத்தத்தை மிஞ்சினால், கூழ் பின்னோக்கிப் போய்ப் பிறகு விழித்திரை நாடிக்குள் அடித்துச் செல்லப்படும். கண் போய்விடும். 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பில்லரால் பார்வை பாதிக்கப்பட்டதாக உலக மருத்துவ ஏடுகளில் பதிவான 98 பேரைக் கணக்கிட்டது. அதில் முதலிடம் புருவ நடுவுக்கு, அடுத்த இடம் மூக்குக்கு. கண்வரை போகாத அடைப்புகளும் உண்டு. அவற்றில் உதடோ மூக்கு நுனியோ கறுத்து அழுகும்.

2021இல் அமெரிக்கத் தோல் வைத்தியர் 370 பேரிடம் திரட்டி வெளியிட்ட ஒரு ஆய்வின்படி, கூரூசியால் போடும்போது சுமார் 6,400 சிரிஞ்சுக்கு ஒரு அடைப்பும், மழுங்கிய முனையுள்ள கனியூலாவால் போடும்போது சுமார் 40,000 சிரிஞ்சுக்கு ஒரு அடைப்பும் ஏற்பட்டன. ஐந்தாண்டுக்கு மேல் அனுபவமுள்ளோரிடம் இது மேலும் குறைவு. இவர்கள் எல்லோரும் தோல் சிறப்பு வைத்தியர்கள் என்பதை மறக்கக்கூடாது. சனிக்கிழமை பழகி ஞாயிற்றுக்கிழமை சான்றிதழ் பெற்றவரின் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை.

ஆகவே "எத்தனை முகப்பகுதிகள் சொல்லித்தருவீர்கள்?" என்று பயிற்சி நிலையத்தைக் கேட்பதில் பயனில்லை. கேட்கவேண்டியது இதுதான்: நாடி அடைபட்டால் முதல் மணித்தியாலத்தில் என்ன செய்வது என்பதற்கு எத்தனை மணித்தியாலம் ஒதுக்கியிருக்கிறீர்கள்? கூழைக் கரைக்கும் ஹயலுரோனிடேஸ் மருந்தை மாணவர் தம் கையால் கலக்கிப் பார்க்கிறாரா, அல்லது திரையில் ஒரு படத்தோடு முடிகிறதா? அடைப்புக்கு நூற்றுக்கணக்கான அலகுகளை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும். ஒரேயொரு குப்பியை அலுமாரியில் வைத்திருப்பது போதாது. பார்வை மங்குகிறது என்று ஒருவர் சொன்னால் எந்த வைத்தியசாலைக்கு, எந்த இலக்கத்துக்கு அழைப்பது என்பதை எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லும் ஆசிரியர் நல்ல ஆசிரியர். இந்தக் கேள்விகளுக்கு மழுப்பும் நிலையம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

நம்மவர்கள் கட்டாயம் கேட்கவேண்டிய இன்னொரு கேள்வி உண்டு. நாடி அடைபட்டால் தோல் வெளிறும், பிறகு வலைபோல ஊதா நிறம் படரும் என்று பாடநூல்கள் சொல்லும். படங்களெல்லாம் வெள்ளைத் தோலில். நமது தோலில் அந்த வெளிறலும் ஊதாவும் எளிதில் கண்ணுக்குப் படாது. விரலால் அழுத்தி விட்டுக் குருதி திரும்பும் நேரத்தை எண்ணுவது, மற்றப் பக்கத்துடனும் உதட்டின் உட்புறத்துடனும் ஒப்பிடுவது, வலியைக் கவனிப்பது எல்லாம் கறுத்த தோலுக்கு இன்னும் முக்கியம். ஊசிக் காயம் கறுப்புத் தழும்பாக நிற்பதும் கீலொயிட் என்ற தடித்த வடு எழுவதும் நம்மிடம் அதிகம். கலியாணத்துக்கும் சாமத்தியவீட்டுக்கும் முன் அலங்காரம் தேடிவரும் நம் பெண்களே உங்கள் முதல் வாடிக்கையாளராக இருக்கப்போகிறார்கள். பயிற்சிக்கு வரும் மாதிரியாட்களில் மண்ணிறத் தோலுள்ளவர் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

அடுத்தது சட்டம். இதில்தான் குழப்பம் அதிகம். பயிற்சிச் சான்றிதழ் நோர்வேயில் ஒருவருக்கும் எந்த உரிமையையும் கொடுப்பதில்லை. அழகு மருத்துவம் இங்கே தனிச் சிறப்புத்துறையாக அங்கீகரிக்கப்பட்டதும் அல்ல. தோல் மருத்துவமும் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையும்தான் சிறப்புத்துறைகள். 2001இல் நடைமுறைக்கு வந்த சுகாதாரப் பணியாளர் சட்டத்தின் நான்காம் பிரிவு, தன் தகுதிக்கு உட்பட்டதை மட்டும் பொறுப்புடன் செய் என்கிறது. 'ஃபொர்ஸ்வார்லி' என்ற சொல்லை இங்கே படித்த எந்தத் தாதியும் அறிவார். ஐந்தாம் பிரிவின்படி வைத்தியர் ஒரு வேலையை உதவியாளரிடம் ஒப்படைக்கலாம். ஆனால் ஒப்படைப்பவர் அவருடைய தகுதியைப் பார்த்து, அறிவுறுத்தி, கண்காணிக்கவும் வேண்டும்.

பொட்டொக்ஸ் வைத்தியரின் எழுத்தாணையில் மட்டும் கிடைக்கும் மருந்து. ஆகவே தாதி எந்தப் பயிற்சி முடித்தாலும் பின்னால் ஒரு வைத்தியர் வேண்டும். பெயருக்குக் கையெழுத்திட்டுவிட்டு வேறு நகரத்தில் இருப்பவர் பின்னால் நிற்பவர் ஆகமாட்டார். பல் வைத்தியருக்கு மருந்து எழுதும் உரிமை பல்மருத்துவத் தேவைக்குள் அடங்கியது. பல் நெரிப்புக்குத் தாடைத் தசையில் போடுவது ஒன்று, நெற்றிச் சுருக்கத்துக்குப் போடுவது வேறு. இதைச் சொல்லாமல் பல் வைத்தியரிடம் முழுக் கட்டணத்தை வாங்கும் பாடநெறிகள் உண்டு. அழகு ஊசிகள் பற்றிய விதிகள் அயல்நாடுகளிலும் இறுகி வருகின்றன. சுவீடன் 2021 யூலை முதல் வைத்தியர், பல் வைத்தியர், தாதி ஆகிய உரிமம் பெற்றோருக்கு மட்டும் இதை அனுமதித்து, 18 வயதெல்லையும் வைத்தது. ஆலோசனைக்கும் ஊசிக்கும் இடையில் யோசிக்க இரண்டு நாள் கொடுக்கவேண்டும் என்றும் விதித்தது. நோர்வேயில் தொடங்கும் முன் லோவ்தாத்தாவில் சட்டத்தின் அன்றைய வாசகத்தை நீங்களே படியுங்கள். பயிற்சி நிலையத்தின் விளம்பரத்தாளில் இருந்து சட்டம் படிக்கவேண்டாம்.

சான்றிதழ் வகைகளைப் பற்றிச் சுருக்கமாக. 'சிபிடி அங்கீகாரம்' என்பது இத்தனை மணித்தியாலம் இருந்தீர்கள் என்பதற்கு மேல் அதிகம் சொல்லாது. பிரித்தானியாவின் 'ஏழாம் நிலை' பாடநெறிகள் பட்டமேற்படிப்புத் தரத்தவை. மேற்பார்வையில் போட்ட ஊசிகளின் பதிவேடும் தேர்வும் அவற்றில் உண்டு. மாதக்கணக்கில் நீளும், செலவும் அதிகம். என் அபிப்பிராயத்தில் இரண்டு வாரவிறுதிக் கோர்சுகளை விட அந்த வகை ஒன்று பெறுமதியானது. மருந்து நிறுவனங்கள் நடத்தும் பயிற்சிகளில் நல்ல ஆசிரியர்கள் வருவார்கள், ஆனால் அங்கே ஒரு நிறுவனத்தின் பொருள் மட்டுமே உலகம். பொட்டொக்ஸின் ஒரு அலகும் டிஸ்போர்ட்டின் ஒரு அலகும் ஒன்றல்ல. புருவ நடுவுக்கு முதலாவதில் 20 அலகு வழக்கம், இரண்டாவதில் 50. ஒரு பொருளை மட்டும் பழகியவர் இன்னொரு நிலையத்தில் வேலைக்குப் போகும்போது இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார். இறந்த உடலில் முக உடற்கூற்றைப் பிரித்துப் பார்க்க ஒரு நாள் கிடைக்குமானால் அதற்குத் தனியாகவேனும் பணம் கொடுக்கலாம்.

எத்தனை ஊசி நீங்கள் போடுவீர்கள், எத்தனை பார்ப்பீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். எட்டுப் பேர் ஒரு மாதிரியாளைச் சுற்றி நின்று பார்ப்பதை 'செய்முறைப் பயிற்சி' என்று அழைக்கும் இடங்கள் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை இரண்டு மாதச் சம்பளத்தைக் கட்டி, பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிலையத்தில் ஒரு நாளில் மூன்றே மூன்று ஊசி போட்டுவிட்டு வந்தது. மறுகிழமை சந்தேகம் கேட்க அழைத்தபோது 'மேனிலைப் பாடநெறிக்கு' பதியச் சொன்னார்களாம். பயிற்சி முடிந்த பிறகு யார் உங்கள் தொலைபேசியை எடுப்பார், எத்தனை மாதத்துக்கு, இரவிலும் எடுப்பாரா என்பதையும் ஒப்பந்தத்தில் பாருங்கள்.

வருமானக் கணக்கைக் காட்டி ஆசை மூட்டும் பாடநெறிகள் சில விடயங்களை விட்டுவிடும். மருத்துவக் காரணமற்ற அழகுச் சிகிச்சைக்கு 2021 சனவரி முதல் 25 வீதப் பெறுமதி சேர் வரி உண்டு. தனியார் துறைச் சுகாதாரப் பணியாளர் 2009 முதல் நோயாளர் இழப்பீட்டு அமைப்பான என்பேயேயில் பதிந்து பங்களிப்புச் செலுத்தவேண்டும். எழுத்தாணை மருந்தைப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்ய முடியாது. ஆகவே 'பொட்டொக்ஸ் மலிவு விற்பனை' என்று முகநூலில் போடச் சொல்லித்தரும் 'வணிகப் பாடம்' உங்களை மாட்டிவிடும் பாடம். உடலைத் திருத்திக் காட்டும் விளம்பரப் படங்களுக்கு 2022 யூலை முதல் அடையாளக் குறியும் கட்டாயம்.

சில நிலையங்கள் இலவச இணைப்பாகத் தோலை வெளுப்பாக்கும் குளுட்டாதயோன் ஊசியையும் சேர்க்கின்றன. நம் சமூகத்தில் அதற்குக் கேள்வி இருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியும். பிலிப்பைன்ஸ் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2011இலேயே இதன் ஆபத்துகளை எச்சரித்தது. அதைக் கற்பிக்கும் இடத்தில் மற்றவற்றையும் நம்பமாட்டேன்.

கடைசியாக, பாடத்திட்டத்தில் 'ஆலோசனை' என்ற பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடியில் இல்லாத குறையைக் காண்பவரை அடையாளம் காணவும், மாமியார் சொன்னதால் வந்து உட்கார்ந்திருக்கும் மணப்பெண்ணிடம் தனியாகப் பேசவும், வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பவும், அதை நோயாளர் பதிவேட்டில் எழுதவும் அங்கே பழக்கவேண்டும். பணம் கட்டும் முன் அந்த ஆசிரியரின் சொந்தச் சிகிச்சை நிலையத்தில் ஒரு நாள் இருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். அன்றைக்கு வந்தவர்களில் எத்தனை பேரை ஊசி போடாமல் அனுப்பினார் என்று எண்ணிக்கொண்டு வாருங்கள்.