ஆச்சியோட டிரங்குப் பெட்டியும் எம்வி கமாண்டும்

குத்தாலத்துல சாரல் ஆரம்பிச்சதும் லேப்டாப்பைத் தூக்கிட்டு ஊருக்கு வந்துட்டேன். வீட்டுலயே உக்காந்து ஆணி புடுங்கலாம், சாயந்திரம் அருவிக்குப் போகலாம்னு திட்டம். ஆச்சி விட்டாத்தானே! "கம்ப்யூட்டருக்குப் படிச்சவன்தானல, இந்தப் பத்திரத்த எல்லாம் வகைப்படுத்திக் குடு"ன்னு கட்டிலுக்கு அடியில இருந்த டிரங்குப் பெட்டிய இழுத்துப் போட்டுட்டாங்க. தாத்தா தவறி நாலு வருஷம் ஆச்சு. செங்கோட்டையில இருக்குற வயலோட பட்டாவை அம்மா, மாமா பேருக்கு மாத்தணும். ஆபீஸ்ல ஒருத்தர், "தம்பி, மூலப்பத்திரத்துல இருக்குற எடமும் நீங்க கேக்குற எடமும் ஒண்ணுதான்னு எப்படி நம்புறது?"ன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிட்டாராம்.

அவர் கேட்டதுலயும் தப்பு இல்ல. பெட்டியில மூணு காலத்துக் காகிதம் இருந்துச்சு. மூலப்பத்திரம் சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் முத்திரைத்தாள். தேதி கொல்லம் ஆண்டு 1119, நம்ம கணக்குல 1943-44. விலாசம், கொல்லம் டிவிஷன், செங்கோட்டை தாலுகா. வருஷமும் கொல்லம், ஊரும் கொல்லம்! அடுத்தது தாத்தா காலத்துத் தீர்வை ரசீதுகள், எல்லாத்துலயும் திருநெல்வேலி மாவட்டம். கடைசியா மாமா போன வருஷம் இணையத்துல எடுத்த பட்டா நகல், அதுல தென்காசி மாவட்டம். வயல் மட்டும் ஒரு அங்குலம் கூட நகரல.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். குத்தாலம் வெள்ளைக்காரன் மாகாணத்துல திருநெல்வேலி ஜில்லா. அஞ்சாறு கிலோமீட்டர் தள்ளி இருக்குற செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானம். காசே வேற: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். வருவாய்க் கணக்குல நம்ம பட்டா எண் மாதிரி அவங்களுக்குத் தண்டப்பேர். 1956 நவம்பர் 1 மொழிவாரி மாநிலப் பிரிவினையில செங்கோட்டை சென்னை மாநிலத்துக்கு வந்து திருநெல்வேலி மாவட்டத்தோட சேந்துச்சு. அப்புறம் 2019 நவம்பர் 22 அன்னிக்குத் தென்காசி தனி மாவட்டமாச்சு.

ரெண்டுமே 'இடம் மாத்துறது'தான். ஆனா ரெண்டும் ஒரே வேலை இல்ல. இத யோசிச்சப்பதான் நம்ம தொழில் ஞாபகம் வந்துச்சு.

யூனிக்ஸ்ல ஒரு ஃபைலோட உண்மையான அடையாளம் அதோட பேர் இல்ல, ஐநோட்ங்கற ஒரு எண். டைரக்டரிங்கறது வெறும் ஒரு பட்டியல், இந்தப் பேருக்கு இந்த எண். அதனால ஒரே டிஸ்குக்குள்ள நீங்க எம்வி கமாண்ட் போட்டா, ரெண்டு ஜிபி சினிமாவா இருந்தாலும் கண் மூடித் திறக்குறதுக்குள்ள முடிஞ்சிடும். ஒரு பட்டியல்ல ஒரு வரிய அடிச்சு இன்னொரு பட்டியல்ல எழுதுறாங்க, அவ்ளோதான். ஆரம்பத்துல இது ரெண்டு தனி வேலை. முதல்ல புதுப் பேர வைக்கணும், அப்புறம் பழைய பேர எடுக்கணும். நடுவுல மெஷின் படுத்துட்டா ஒரே ஃபைல் ரெண்டு பேரோட நிக்கும். 1983ல வந்த 4.2 பிஎஸ்டியில ரெண்டையும் ஒரே அடியா செய்யிற ரீநேம் வந்துச்சு. ஆனா வேற டிஸ்குக்கு மாத்தணும்னா இந்தப் பருப்பு வேகாது. அங்க இந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. முழுசா காப்பி எடுத்து, அப்புறம் பழசை அழிக்கணும்.

2019ல நடந்தது முதல் வகை. ஒரே அரசு, ஒரே வருவாய்த் துறை, தாலுகாவுக்கு மேல இருக்குற மாவட்டம் மட்டும் மாறுச்சு. குத்தாலத்தோட பின்கோடு இன்னிக்கும் 627802தான். 627ங்கறது திருநெல்வேலியோட தபால் எண், மாவட்டம் பிரிஞ்சதுக்காக யாரும் அத மாத்தல. 1956 ரெண்டாவது வகை. வேற அரசு, வேற கணக்கு, வேற டிஸ்கு.

கிளவுடுக்கு வந்தா கதை இன்னும் சுவாரசியம். 2006 மார்ச்ல அமேசான் எஸ்3 வந்தப்ப அதுல ஃபோல்டரே கிடையாது. ஒவ்வொரு ஃபைலுக்கும் நீளமா ஒரு பேர், அந்தப் பேர்ல நடுவுல வர்ற சாய்கோட்டை வச்சு ஃபோல்டர் மாதிரி காட்டுறாங்க. அதாவது விலாசமேதான் அடையாளம். ஃபோல்டர் பேர மாத்தணும்னா உள்ள இருக்குற ஒவ்வொண்ணையும் புதுப் பேர்ல காப்பி பண்ணி, பழசை அழிக்கணும். மைக்ரோசாஃப்டோட அஷூர் 2019ல நிஜமான ஃபோல்டர் அடுக்கோட ஒரு சேமிப்பு கொண்டு வந்தாங்க, அதுல ஃபோல்டர் மாத்துறது ஒரே வேலை.

இந்த வித்தியாசம் தெரியாம நான் ஒரு நாள் ராத்திரி பட்டபாடு இருக்கே! வேலைக்குச் சேந்த புதுசு. கிளையன்ட்டோட ஸ்கேன் பண்ணின டாக்குமென்ட் நாலு லட்சத்துக்கு மேல. ஃபோல்டர் பேர் மாறணும்னாங்க. நம்ம மேதாவி என்ன பண்ணேன்? ஒவ்வொண்ணா டவுன்லோட் பண்ணி, திரும்ப அப்லோட் பண்ணி, பழசை அழிக்கிற மாதிரி ஸ்கிரிப்ட் எழுதிட்டுத் தூங்கப் போயிட்டேன். அந்தப் பக்கமே காப்பி எடுத்துக்கோன்னு சர்வருக்குச் சொல்லலாம், நம்ம லைன் வழியா ஒரு பைட்டு கூட வரவேண்டாம்னு அப்ப தெரியாது. விடியக்காலை மூணு மணிக்கு ஸ்கிரிப்ட் செத்துப் போச்சு. காலையில பாத்தா சிலது ரெண்டு எடத்துலயும் இருக்கு, சிலது புதுசுல மட்டும், சிலது பழசுலயே. அத விடக் கொடுமை, பழைய விலாசத்த வச்சு அனுப்பின மெயில் லிங்க் பாதி செத்துப் போச்சு. சீனியர் ஒருத்தர் திட்டக்கூட இல்ல. உக்காந்து ரெண்டு காலம் போட்ட ஒரு பட்டியல் தயார் பண்ணச் சொன்னார். பழைய விலாசம், புது விலாசம். அத வச்சு எல்லாத்தையும் மீட்க மூணு நாள் ஆச்சு.

கூகுள் டிரைவ்ல இந்தத் தலைவலி குறைவு. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஐடி, ஃபோல்டர்ங்கறது அதோட 'அப்பா யாரு'ங்கற குறிப்பு மட்டும். எங்க மாத்தினாலும் பழைய லிங்க் திறக்கும். ஆயிரம் ஃபைல் இருக்குற ஃபோல்டரை மாத்தினாலும் ஒரு குறிப்புதான் மாறும். முன்னாடி ஒரே ஃபைலுக்கு ரெண்டு மூணு அப்பாவும் இருக்கலாம். குழப்பம் தாங்காம 2020 செப்டம்பர் 30ல இருந்து ஒரு அப்பாதான்னு ஆக்கிட்டாங்க, மத்த எடத்துல ஷார்ட்கட் :-) ஆனா ஒண்ணு, ஃபோல்டரை மாத்தினா மேல இருந்து வர்ற அனுமதியும் மாறிடும். நேத்து வரைக்கும் படிச்சவருக்கு இன்னிக்குக் கதவு சாத்தியிருக்கும். வேகமா மாத்துறத விட, யாருக்குத் தெரியணும், யாருக்குத் தெரியக்கூடாதுன்னு பாத்து மாத்துறதுலதான் நேரம் போகுது.

சரி, வயலுக்கு வர்றேன். விலாசம் மாறினா பரவால்ல, சர்வே எண்ணு ஒண்ணா இருந்தா நிரூபிச்சிடலாம்னு நினைச்சேன். அதுவும் மாறியிருக்கு! தமிழ்நாடு முழுக்க 1979ல இருந்து 1987 வரைக்கும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம்னு ஒண்ணு, யுடிஆர்னு சொன்னாத்தான் எல்லாருக்கும் புரியும். அதுல கணக்கை எல்லாம் புதுப்பிச்சாங்க. பெட்டியில இருந்த ரசீதுகளை வரிசையா அடுக்கிப் பாத்தப்ப, எங்க வயலோட எண் அந்தக் காலத்துலதான் மாறியிருக்கு. ஐநோட்டே மாறிப்போன கதை.

மாமாகிட்ட சீனியர் போட்ட ரெண்டு காலப் பட்டியல் கதையச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "மருமவனே, அதுதான் தாலுகாபீஸ்ல அ பதிவேடுன்னு இருக்கே"ன்னார். கிராமத்தோட 'அ' பதிவேட்டுல புது எண்ணுக்குப் பக்கத்துலயே பழைய எண்ணுக்கும் ஒரு காலம் உண்டு. எங்க சீனியர் பண்ணினத எந்த ஊர் கிளார்க்கோ எனக்கு முன்னாடியே மையில எழுதி வச்சிருக்கார்.

மறுநாள் மழையோட மழையா போய் நகல் மனு போட்டோம். ஒரு வாரம் கழிச்சு வந்த தாள்ல, மூலப்பத்திரத்துல இருந்த அதே எண் பழைய காலத்துல இருந்துச்சு. மூலப்பத்திரம், ரசீது, அ பதிவேடு நகல், பட்டா நாலையும் வரிசையா வச்சு, மேல ஒரு தாள்ல வருஷ வாரியா விலாசம் எப்படி எப்படி மாறுச்சுன்னு நான் தட்டச்சு பண்ணி ஒட்டினேன். ஆபீஸ்ல அதே ஆள்தான். ரெண்டு தடவை விரல் வச்சுப் படிச்சுட்டு, "இத முதல்லயே கொண்டாந்திருக்கலாம்லா"ன்னு வாங்கி வச்சுக்கிட்டார்.

பட்டா இன்னும் வரல. ஆச்சி பெட்டிய மறுபடி கட்டிலுக்கு அடியில தள்ளியாச்சு. எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி டிரைவ்ல ஏத்தி, மாமாவுக்கும் அம்மாவுக்கும் லிங்க் அனுப்பிட்டேன்.